ஃபீடர் மூடியில் ஒரு பொட்டு

தஞ்சாவூரில் ஒரு சிறிய நிறுவனத்தின் சார்பில், கணினிகளையும் நகல் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் பணியில் இருக்கிறேன். மதிவாணன் அவர்களின் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அழைப்பு வந்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. முந்தைய இருமுறையும் சென்று, சரியாகிவிட்டது என்று சொல்லி வந்தவள் நான்தான்.

கடை ஒரத்தநாட்டில் இருக்கிறது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அந்த வாரமே கடைசி. சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் என்று தாள்களைக் கையில் பிடித்தபடி விவசாயிகள் தெருவரை நின்றிருந்தார்கள். எடுத்த நகல் ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

"ஏன் மதி, என் வயலுக்கு நடுவுல ரோடு போட்டுட்டியா?" என்று வைரக்கண்ணு என்னும் பெரியவர் தம் நில வரைபடத்தின் நகலை உயர்த்திக் காட்டினார். "அப்படியே ஒரு பஸ்ஸும் விட்டுடு, ஏறி வீட்டுக்குப் போயிடுறேன்."

கூட்டம் சிரித்தது. மதிவாணன் சிரிக்கவில்லை. "சர்வே நம்பர் தெரியலன்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்புறாங்க ஷீபா. இன்னைக்கும் இப்படின்னா எல்லாரும் எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

தாளைக் கண்ணாடியின்மேல் வைத்து நகலெடுத்துப் பார்த்தேன், கோடு இல்லை. தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும் ஃபீடர் வழியே விட்டால்தான் கோடு வந்தது. அப்படியானால் குற்றம், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரலகலத்தில் இருக்கும் சிறு கண்ணாடியில்தான் இருக்க வேண்டும். அங்கே ஒரு கடுகளவு தூசி போதும்; தாள் நகர நகர அது கோடாக நீண்டுவிடும். கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு துணுக்கு. நான் இருமுறை துடைத்த அதே இடம்.

நிமிர்ந்து ஃபீடர் மூடியைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்த ஒரு பொட்டு இருந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதிலிருந்துதான் துணுக்குகள் கீழே விழுந்திருக்கின்றன.

"அண்ணே, இதைத் துடைச்சிடணும்."

"அது செம்மொழி வச்சது" என்றார் அவர்.

செம்மொழி மதிவாணனின் துணைவியார். அந்த இயந்திரம் அவர்கள் கையில்தான் ஓடியது. சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று நான் வந்திருந்தேன். "பொரி தின்னா உங்க ஏசு கோவிச்சுக்குவாரா? கை நீட்டுங்க" என்று கை நிறைய அள்ளித் தந்தார்கள். தீபாவளி கழிந்த வாரம் மாரடைப்பில் போய்விட்டார்கள். துக்க வருடம் என்பதால் இவ்வாண்டு கடையில் பூஜை இல்லை. பூஜை நடந்திருந்தால் பழையதைத் துடைத்துப் புதுப் பொட்டு வைத்திருப்பார்கள். இந்தக் கோடும் வந்திருக்காது.

"அடுத்த வாரம் தெவசம். அது வரைக்குமாவது இருக்கட்டுங்களேன்" என்றார், என்னிடம் அனுமதி கேட்பவர் போல.

வாசலில் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்தெடுத்தால் அன்று முடியாது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"மேல செலோடேப் ஒட்டி மூடிடலாம்ணே. உதிராது. பொட்டும் அங்கேயே இருக்கும்."

அவர் முகம் தெளிந்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. "நானே ஒட்டுறேன்" என்றார். சிறு கண்ணாடியை நான் துடைத்தேன். அவர் டேப்பைக் கத்தரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பொட்டின்மேல் படியவைத்து, நகத்தால் ஓரங்களை நீவினார்.

டேப்பின் நடுவில் ஒரு காற்றுக் குமிழி நின்றது.

அடையாள அட்டைகளுக்கு நாள்தோறும் லேமினேஷன் செய்பவர் அவர். குமிழியோடு ஒன்றை வாடிக்கையாளர் கையில் கொடுத்ததே இல்லை. நான் "அண்ணே, வேணாம்" என்பதற்குள், சரியாக ஒட்டுவதற்காக டேப்பின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார். பொட்டு முழுவதும் டேப்போடு வந்துவிட்டது. மூடியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் டேப்பைப் பார்த்தார். அந்த இடத்தைப் பார்த்தார். "குமிழி இருந்துச்சு" என்றார்.

வைரக்கண்ணுவின் வரைபடத்தை ஃபீடரில் வைத்தேன். நகல் பளிச்சென்று வந்தது.

"அடேங்கப்பா, ரோட்டைத் தூக்கிட்டாங்கய்யா!" என்று பெரியவர் மகிழ்ச்சியோடு அதை எல்லோருக்கும் காட்டினார். "இப்பதான் என் வயலு என் வயலா இருக்கு."

மதிவாணன் தலையை மட்டும் அசைத்தார். டேப் அவருடைய இடது ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தக் கையை மார்புக்கு நேரே உயர்த்தி வைத்துக்கொண்டார்.

"அடுத்தது யாருங்க?" என்றார்.

நான் கருவிகளை எடுத்து வைத்துவிட்டு விடைபெறும் வரையில், தாள் வாங்குவதும் பொத்தானை அழுத்துவதும் நகல்களை அடுக்குவதும் எல்லாம் வலக்கையாலேயே நடந்தன.