பச்சை ஸ்கார்ஃப்

...ஆனால் என் மனைவிக்கு எப்படித் தெரியும், ஆபரா அரங்கின் கதவு திறந்ததும் ஒரு நொடிகூடத் தயங்காமல் நடுத்தூணுக்கு இடப்புறம் போய், கழுத்திலிருந்த பச்சை ஸ்கார்ஃபை உருவி, தடுப்புக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாளே, இங்கே நின்று கேட்பவர்கள் அப்படித்தான் இடம் பிடிப்பார்களாம், "எப்படித் தெரியும் யர்மிலா?" என்றதற்கு, "எல்லாரும் கட்டறாங்களே, பாத்தேன்" என்றாள், எல்லாரும் என்றால் யார், அந்த வரிசையில் முதலில் நுழைந்தது நாங்கள், கம்பி மொட்டையாகத்தானே இருந்தது... வியன்னாவுக்கு வந்ததே இல்லை என்றவள், அவள் பிறந்தநாளுக்கென்று நின்று பார்க்கும் இந்த மலிவுச் சீட்டுகளை நான் வாங்கியபோது கைதட்டியவள், எங்கள் ஊர் புர்னோவிலிருந்து பஸ்ஸில் வரும்போது பொரித்த இறைச்சி வைத்த ரொட்டியை எனக்குப் பிட்டுக் கொடுத்தபடி "ஆபரான்னா தூக்கம் வருமோ என்னமோ" என்று சிரித்தவள், சிரிப்பு சற்று அதிகமாக இல்லை? வியாழக்கிழமைகளில் எல்லை ஊரான பிரெட்ச்லாவில் நோயாளி அக்காவைப் பார்க்கப் போகிறாள், பிரெட்ச்லாவ் தாண்டினால் அதே ரயில் வியன்னாவுக்குத்தான் வருகிறது, இதை இத்தனை நாள் நான் ஏன் யோசிக்கவில்லை...

முதல் அங்கம் முழுவதும் மேடையை நான் பார்க்கவே இல்லை, ஆண்களைப் பார்த்தேன். நரைத்த தாடிக்காரன் ஒருவன் இரண்டு முறை திரும்பினான், அவனா, காலணி பளபளத்தவனா, யாராக இருந்தாலும் என்ன சொல்வது, அடிப்பேனா, மன்னிப்பேனா, இரண்டுக்கும் வாக்கியங்கள் தயாராக இருந்தன. யர்மிலா கண்ணை மூடியிருந்தாள். பக்கத்தில் நின்ற மெலிந்த கிழவி ஒருத்தி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள், இவள் காணாதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதையும் பார்த்துவிட்டேன்.

இடைவேளையில் யர்மிலா தண்ணீர் குடிக்கப் போனாள். கிழவி என் பக்கம் சாய்ந்தாள். "யர்மிலாவோட வீட்டுக்காரரா?" பெயர் தெரிந்திருக்கிறது... தலையாட்டினேன். "ரெண்டு வருஷமா வியாழக்கிழமை தவறாம வர்றா, இதே தூண், இதே ஸ்கார்ஃப்." "யாரோட?" என்று கேட்டேன். "யாரோடயும் இல்ல, தனியாத்தான். பேரைச் சொன்னதோட சரி, ஒருத்தர்கிட்டயும் அதிகம் பேச்சு கிடையாது, அழுதுட்டுப் போவா. நான் விதவைன்னுல்ல நெனச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க, ஆள் நல்லாத்தான் இருக்கீங்க" என்று சிரித்தாள்.

தாடிக்காரனும் இல்லை, பளபளத்த காலணிக்காரனும் இல்லை, அடிக்கவும் மன்னிக்கவும் ஆள் இல்லை... யாரையாவது தேடி வந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், இவள் தேடி வந்தது நான் இல்லாத மூன்று மணி நேரத்தையா, அதற்குள் நான் இன்று பரிசு என்று சீட்டு வாங்கி நுழைந்துவிட்டேனா... யர்மிலா திரும்பி வந்தாள், "கால் வலிக்குதா?" என்றாள், "இல்ல, அக்கா எப்படி இருக்கா?" என்றேன், "அப்படியேதான்" என்று ஸ்கார்ஃபின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விளக்குகள் மங்கின. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், விதவை என்று கிழவி தானாக நினைத்தாளா, இவள் சொன்னாளா... கிழவியின் காதருகே குனிந்தேன், "அவளாச் சொன்னாளா?" கிழவி என்னைப் பாராமலே உதட்டின்மேல் விரலை வைத்தாள், வாத்தியங்கள் தொடங்கின, யர்மிலாவின் முழங்கை என் முழங்கையிலிருந்து மெல்ல விலகியது, மேடை நன்றாகத் தெரிவதற்காக இருக்கலாம்.