ஸ்டேக்லி கேட்டதும் எதிர்த்ததும்

பதினாறு ஆண்டுகளாக வெர்னன் ஸ்டேக்லி நெப்ராஸ்காவிலிருந்து வாஷிங்டன் கீழவைக்குப் போய்வருகிறார். தேர்தல்தோறும் அவர் அச்சிடும் அட்டையில் இரண்டே வரிகள்: 'எந்த வரிக்கும் சம்மதித்ததில்லை. எந்தச் செலவையும் கேட்டதில்லை.' எங்கள் வாரப் பத்திரிகையிலும் அது விளம்பரமாக வரும். என் சம்பளத்தில் அந்தக் காசும் உண்டு.

பிராண்டெல் நகரத்தின் புதிய குடிநீர் நிலையத்தைத் திறந்துவைக்க ஏப்ரலில் வந்தார். மத்திய அரசின் பணத்தில் கட்டியது. அந்தப் பணத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர்.

நிலைய மேலாளர் லோர்னா ஹூடெக் ரிப்பனைக் கட்டிவிட்டு, கத்தரிக்கோலைத் தன் கோட்டுப் பையில் வைத்திருந்தார். கிழக்குத் தெருக்களுக்கு இன்னும் ஈயக் குழாய்களில்தான் தண்ணீர் போகிறது. அவற்றை மாற்றப் பணம் வேண்டுமென்றால் தொகுதி உறுப்பினர் தன் பெயரில் கோரிக்கை அனுப்பி, தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். விதி அப்படி. அன்றுதான் கடைசி நாள்.

"செனட்டர்கிட்ட கேளுங்களேன், லோர்னா. என் பேரு எதுக்கு?"

"கேட்டாச்சு சார். உங்க தொகுதி உறுப்பினரே கையெழுத்துப் போடல, நான் எதுக்கு மெனக்கெடணும்னுட்டார்."

"பதினாறு வருஷமா காப்பாத்தின பேருங்க இது."

"அறுநூறு வீட்டுப் புள்ளைங்க ஈயத்தைக் குடிக்குதுங்க. உங்க பேரைக் கழுவக்கூட அந்தத் தண்ணி ஆகாது சார்."

உதவியாளன் கோல்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சார், டிவிக்காரங்க பதினொண்ணுக்குக் கிளம்பிடுவாங்க."

"கத்தரிக்கோல் எங்க?"

"இந்தப் பையில. பேனாவும் அதுலதான் இருக்கு."

காரின் முகப்பில் கோரிக்கைத் தாளை வைத்துக் கையெழுத்திட்டார் ஸ்டேக்லி. ரிப்பன் வெட்டும் படம் அழகாக வந்தது. பிறகு அரசாங்கம் பணத்தை விரயமாக்குவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

கோரிக்கை அவருடைய இணையதளத்தில் வெளியானது, யாரும் போகாத ஒரு மூலையில்.

டிசம்பரில், அந்தக் குழாய்ப் பணமும் அடங்கிய செலவு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஒன்றிரண்டு வாக்குகளில் தோற்கலாம் என்றார்கள். லோர்னா என் அலுவலகத்துக்கே வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். 218க்கு 211, நிறைவேறியது. எதிர்த்தவர்கள் பட்டியலில் ஸ்டேக்லியின் பெயர். கோல்பிக்குப் போன் செய்தேன்.

"அவர் கேட்ட பணத்தை அவரே வேண்டாம்னாரா?"

"பொறுப்பா காத்திருந்துதான் போட்டார்," என்றான் கோல்பி, பெருமையாக. "தேவையான எண்ணிக்கை விழுந்தப்புறம்தான் பொத்தானையே அமுக்கினார்."

"விழாம போயிருந்தா?"

கொஞ்சம் யோசித்தான். "அப்பவும் வேண்டாம்னுதான்."

இதை அப்படியே முதல் பக்கத்தில் போட்டேன். ஒரு வரியையும் அவர் மறுக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை.

அடுத்த கோடையில் கிழக்குத் தெருக்களில் குழாய் மாற்றி முடித்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோல்பி லோர்னாவை அழைத்து, திறப்பு விழா என்றைக்கு என்று கேட்டான்.

"தண்ணி வந்தாச்சு தம்பி," என்றார் லோர்னா. "காலையில ஆறு மணிக்கே ஜனங்க காப்பி போட்டுக் குடிச்சிட்டாங்க."