பெல்ட்டியேவின் தலையில் விழுந்த டோனட்

கனடாவின் ஒட்டாவாவில் முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவக் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கணினியைப் பூட்டாமல் எழுந்து போனால் தீர்ந்தது கதை. பக்கத்து இருக்கைக்காரர் பாய்ந்து வந்து, அதிலிருந்தே எல்லாருக்கும் மின்னஞ்சல் தட்டிவிடுவார்: "நாளைக்கு டோனட் என் செலவு!" மாட்டியவர் வாயை மூடிக்கொண்டு வாங்கித் தர வேண்டும்.

இந்தக் குறும்பில் ஒடீலை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவளுடையது தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்கும் கையெழுத்தை இயக்குநர் பெல்ட்டியே இன்னும் போடவில்லை. இந்த நேரத்திலாவது வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கக் கூடாதா? பெல்ட்டியேவின் அறையில் ஆளில்லை, கணினி திறந்து கிடந்தது. 'பூட்டுங்க, பூட்டுங்க' என்று தினமும் எல்லார் உயிரையும் வாங்குகிற மனிதர்! திரையில் யாரோ ஒரு வீரரின் மனநலக் குறிப்பு பப்பரப்பே என்று விரிந்திருந்தது. ஒடீல் அதை மூடினாள். கை சும்மா இருக்குமா? டோனட் மின்னஞ்சலையும் அனுப்பிவிட்டுக் கணினியைப் பூட்டினாள்.

இருக்கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் கணினியில் 'எல்லாரும்' என்ற மின்னஞ்சல் முகவரி என்றால் அவர்கள் பிரிவு மட்டும். இயக்குநர் கணினியில் 'எல்லாரும்' என்றால் நாடு முழுக்க இருக்கும் மொத்தத் துறை!

"அடியே, வான்கூவர்லேருந்து பதில் வந்திருக்கு, அவங்களுக்குச் சாக்லேட் பூசினது வேணுமாம்!" என்றாள் பக்கத்து இருக்கை மார்லீன்.

"சிரிக்காதடி, என் வேலை போகப்போகுது!" என்ற ஒடீலும் சிரித்துத் தொலைத்தாள். இந்த நேரத்திலா இந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வர வேண்டும்?

பெல்ட்டியே கூப்பிட்டார். முகம் பீட்ரூட் நிறம்.

"யார் அனுப்பினதுன்னு மேலேருந்து கேக்கறாங்க."

"நான்தான். உங்க கணினி திறந்து கிடந்துச்சு. ஒரு கோப்பும்."

"ஐயோ! படிச்சீங்களா?"

"ஒரு வரி கண்ல பட்டுது. உடனே மூடிட்டேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நானே விளையாட்டா அனுப்பினேன்னு சொன்னா ரெண்டு பேரும் தப்பிச்சுடுவோம்."

ஒடீலுக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் தொலைபேசியை எடுத்து மேலிடத்திடம் வேறு மாதிரி பேசினார்.

"பூட்டாம போனது நான். ஒரு வீரரோட கோப்பு திறந்து கிடந்துச்சு, அதை இன்னொருத்தர் பாத்துட்டாங்க. அந்த வீரருக்கு நாம சொல்லியாகணும்... ஆமா, என் தப்புதான்."

தொலைபேசியை வைத்துவிட்டு, பரபரவென்று இழுப்பறையைத் திறந்து, ஒடீலின் நிரந்தரப் பணி ஆணையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"சீக்கிரம் பிடிங்க, ஓடுங்க! என் கையெழுத்து எத்தனை மணி வரைக்கும் செல்லும்னு எனக்கே தெரியாது."