ஆறு மணி நேரக் கொடி

பஸ் டிப்போவில் நேரம் பார்ப்பது என் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று எழுதுவேன். தாமதமாக வந்த டிரைவர் ‘காரணம்’ என்ற கட்டத்தில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘கடிகாரம் சரியில்லை’ என்று எழுதுகிற ஆளை மட்டும் நான் விடவே மாட்டேன். வண்டியை ஓட்டியது நீயா கடிகாரமா என்று கேட்பேன். பத்தொன்பது வருடமாகக் கேட்கிறேன். டிப்போவில் எனக்கு ‘வினாடி’ என்று பட்டப்பெயர்; முகத்துக்கு நேரே கூப்பிட ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது.

இந்தக் கறாரைப் பார்த்துத்தான் மாரத்தான் நடத்துகிறவர்கள் என் கையில் கொடியைக் கொடுத்தார்கள். கொடியில் ஒரு நேரம் எழுதியிருக்கும். அதன் பின்னால் ஓடி வருகிறவர்கள் அந்த நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று அர்த்தம். என்னுடையது கடைசிக் கொடி, ஆறு மணி நேரம். அதற்கு மேல் ஒரு வினாடி ஆனாலும் பெயரும் ஏறாது, மெடலும் கிடையாது. கொடிக்காரன் வேகமாக ஓடினாலும் தப்பு, மெதுவாக ஓடினாலும் தப்பு. ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் முப்பத்திரண்டு வினாடி, அதற்கு ஒரு துளி குறைவாகவே. முதல் கிலோமீட்டரும் அப்படித்தான், கடைசியும் அப்படித்தான்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பத்தேழு வயது. போன வருடம் ஆரம்பத்திலேயே தலைதெறிக்க ஓடி, முப்பத்து நாலாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மெடல் மாட்டுவதற்கென்று நர்ஸ்கள் அறையில் முன்கூட்டியே ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள். இப்போது அதில் மருந்து அலமாரிச் சாவி தொங்குகிறது. போகிற வருகிறவர்களெல்லாம், “சிஸ்டர், மெடலை எடுத்துத் தாங்க” என்று சாவியைக் கேட்கிறார்களாம். அடுத்த மாதம் அவளுக்கு மூட்டு ஆபரேஷன். அதற்குப் பிறகு ஓட்டம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி.

என் வீட்டுச் சமையலறையில் வைத்து ஒப்பந்தம் போட்டோம்.

“இந்தத் தடவை உன் பின்னாடியே வர்றேன்டா.”

“என்னைத் தாண்டக் கூடாது. முப்பத்து நாலு வரைக்கும் ஒரு அடிகூட.”

“தாண்டல. போதுமா?”

காலையில் கூட்டத்தின் கடைசியில் நின்று கிளம்பினோம். கடைசி ஆள் கோட்டைத் தாண்டியதிலிருந்துதான் ஆறு மணி நேரத்தை எண்ணுவார்கள். என் பின்னால் எட்டுப் பேர். ஒரு தபால்காரர், ஒரு பல் டாக்டர், பெயர் தெரியாத சிலர், அக்கா. அக்கா கையில் வாட்ச் இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

“என்னம்மா, ஜபமா?” என்றார் தபால்காரர்.

“எண்ணுறேங்க.”

வார்டில் பாட்டிலிலிருந்து சொட்டு மருந்து இறங்குவதை நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணியே அவளுக்கு முப்பது வருடம் போயிருக்கிறது. எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. நான் கண்டுகொள்ளவில்லை.

பாதை நெடுக உயரமான கட்டடங்கள். ஆரம்பத்திலிருந்தே, வழியில் நட்டிருந்த கிலோமீட்டர் பலகைகள் தூரமும் அளக்கிற என் வாட்ச் சொல்வதற்குக் கொஞ்சம் தள்ளித் தள்ளியே வந்தன. நான் அலட்டிக்கொள்ளவில்லை. போன வருடம் மோட்டார் சைக்கிளில் பலகை நட்டுக்கொண்டு போனவர்கள் இருபதாவது பலகையை முன்னூறு மீட்டர் தள்ளி நட்டதைக் கண்டுபிடித்தவனே நான்தான். அன்றிலிருந்து பலகை என்றாலே எனக்கு இளக்காரம்.

முப்பதாவது பலகையில் அக்கா பக்கத்தில் வந்தாள்.

“தம்பி, இப்ப மணி என்ன ஆச்சு?”

“நாலு மணி இருபது நிமிஷம் ஓடியிருக்கோம்.”

“நாலு பதினாறுலதானே இங்க வந்திருக்கணும்? நாலு நிமிஷம் பின்னாடி இருக்கோம்டா.”

“பலகை தப்பு. வாட்ச் முப்பதை அப்பவே அடிச்சிருச்சு.”

“ஒரு பலகை தப்பா இருக்கலாம். முப்பது பலகையும் ஒரே பக்கமா தப்பா இருக்குமா? ஒவ்வொரு பலகைக்கும் எனக்கு ஆயிரத்து முன்னூத்தி முப்பது காலடி. பத்து அடி கூடக் குறைய. மாறவே இல்ல.”

மற்ற ஏழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

“இது விண்ணுல இருந்து அளக்குற வாட்ச். உன் செருப்பு அளவு இல்ல. போன வருஷமும் இப்படித்தான் உன் இஷ்டத்துக்கு ஓடி வேன்ல வந்து இறங்குன. பேசாம பின்னாடி வா.”

அவள் முகம் சிறுத்துப் போனது. பேசாமல் பின்னால் வந்தாள். சொன்ன சொல்லுக்காக வந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஜெயித்துவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன்.

முப்பத்து நாலாவது பலகையைத் தாண்டியதும் என் இடது பக்கமாக முன்னே போனாள்.

“அக்கா! போகாத. மூச்சு வாங்கி விழப் போற.”

“நீ சொன்ன முப்பத்து நாலு முடிஞ்சிருச்சுடா” என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“போகட்டுமா நாங்களும்?” என்று பல் டாக்டர் கேட்டார்.

“கொடி இங்கதான் இருக்கு” என்றேன்.

யாரும் போகவில்லை. அச்சடித்த கொடியை விட்டுவிட்டு உதட்டை அசைக்கிற ஒரு பெண்பிள்ளை பின்னால் யார் போவார்கள்? நான் எட்டு முப்பத்திரண்டை இம்மி பிசகாமல் காப்பாற்றினேன். வாட்ச் என்னைப் பாராட்டிக்கொண்டே வந்தது. அக்காவின் சட்டை ஒரு வளைவில் மறைந்தது.

சரியாக ஐந்து மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பது வினாடியில், முழு தூரமும் முடிந்தது என்று என் மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் கோடு இல்லை. ஒரு நீளமான சாலை இருந்தது, அதன் கடைசியில் ஒரு திருப்பம் இருந்தது.

“எங்க சார் முடியுது?” என்றார் தபால்காரர்.

விண்ணிலிருந்து வருகிற சிக்னல் உயரமான கட்டடங்களில் பட்டுத் தெறிக்க, வாட்ச் தடுமாறித் தடுமாறி, போகாத தூரத்தையெல்லாம் போனதாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. முப்பது பலகையும் சரி. ஆயிரத்து முன்னூற்று முப்பதும் சரி.

“தப்பு என்னுதுங்க” என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பல் டாக்டர் அழுதுகொண்டே ஓடினார்.

ஆறு மணி ஐந்து நிமிடம் நாற்பது வினாடிக்கு என் கொடி கோட்டைத் தாண்டியது. மெடல் மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தாள். கழுத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“எத்தனைக்கா?”

“இருபத்திரெண்டு வினாடி லேட்டு.”

நான் அங்கேயே நின்றேன். முப்பதாவது பலகையில் விட்டிருந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம் வைத்து முடித்திருப்பாள். இந்தக் கணக்கைப் போட எனக்கு வாட்ச் தேவைப்படவில்லை.

மாரத்தான் நடத்துகிறவர்களின் செயலாளர் அம்மா ஒரு தாளை நீட்டினார். “கொடி லேட்டா வந்தா எழுதிக் கொடுக்கணும் சார், வழக்கம்தான்.” நேரம் என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, காரணம் என்று ஒரு கட்டம்.

பேனா ‘வாட்ச்’ என்று எழுதிவிட்டு நின்றது.

“அதையே எழுதிக் குடுத்துடு. யாரு கேக்கப் போறா?” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான்.

எழுதிய சொல்லை அடித்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: ‘முப்பதாவது கிலோமீட்டரில் என் அக்கா சரியாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை.’ கையெழுத்துப் போட்டேன்.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

“இருபத்திரெண்டு வினாடின்னு அதையும் எழுது” என்றாள்.

எழுதினேன்.