நார்ச்சி தின்ற சுவர்க்கோழிகள்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பல்லி வளர்ப்பவர்களுக்கு மின்வெட்டுக்கு அடுத்தபடியாகப் பயம் என்றால் அது மெர்ல் அடோனிஸின் வாய்க்குத்தான்.

எர்ஸ்டெரஸ்ட் நூலகத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தருகிறவர்களை முறைப்பது அவள் வேலை. மிச்ச நேரமெல்லாம் சிறுத்தைப் பல்லிகளுக்கு. அவற்றை வளர்ப்பவர்கள் கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த யாராவது, "கண்காட்சியில ஒரு குட்டி வாங்கினேன், பழசோட சேர்த்து விட்டுட்டேன், எவ்வளவு அழகு பாருங்க" என்று படம் போட்டால் தீர்ந்தது. அடுத்த நிமிடம் மெர்லின் குரல்பதிவு வந்து விழும்.

"ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா? புதுசா வந்தது மூணு மாசம் தனி ரூம்ல கிடக்கணும். தனி இடுக்கி, தனி கிண்ணம். எல்லாத்தையும் பார்த்துட்டுக் கடைசியா அதைத் தொடு, தொட்டுட்டுக் கையைக் கழுவு. இதுக்கு உடம்பு வணங்கலைன்னா பேசாம தங்கமீன் வளர்த்துக்கோ!"

திட்டு வாங்கியவர்கள் முனகிக்கொண்டே சொன்னபடி செய்தார்கள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவ்வளவு தெரிந்தவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தாள்.

மே மாதக் கண்காட்சியில் அவளே ஒன்றை வாங்கி வந்தாள். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளைப் பல்லி. ஊருக்குச் சொன்னதையெல்லாம் தானும் செய்தாள். துணி துவைக்கும் அறையில் அதைத் தனியாக வைத்தாள், தனி இடுக்கியில் சிவப்பு நாடா சுற்றினாள். பல்லிதான் சரியாகச் சாப்பிடவில்லை. புது இடம், போகப்போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

ஜூனில் அவளுடைய அண்ணி உர்சுலா, மகளின் பிரசவத்துக்காகக் கேப் டவுன் கிளம்பினாள். அண்ணியிடம் ஐந்து பல்லிகள். நாலை அண்ணன் பார்த்துக்கொள்வான், பார்த்துக்கொண்டே புலம்பவும் செய்வான். ஆனால் நார்ச்சியை அவனிடம் விட முடியாது. கமலாப்பழ நிறத்தில் இருந்ததால், அந்தப் பழத்துக்கு அந்த ஊரில் வழங்கும் நார்ச்சி என்ற பெயரையே வைத்திருந்தாள் உர்சுலா. பதினாறு வயதுக் கிழவி. இடுக்கியால் வாய்க்கு நேரே நீட்டினால்தான் தின்னும்.

"உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் மெர்ல். வேற யார்கிட்டயும் விட மனசு வரல" என்றாள் உர்சுலா.

"போய்ட்டு வாங்க அண்ணி. உங்களைவிட நல்லாப் பார்த்துக்குவேன், வேணும்னா பாருங்க."

அங்கே ஜூன்தான் குளிர்காலம்; மூன்றாவது வாரம் குளிர் இறுகியது. பல்லிகளுக்கு இரையாகச் சுவர்க்கோழிப் பூச்சிகளை வளர்த்து விற்கிறவருக்கு, நீண்ட மின்வெட்டில் சூடில்லாமல் மொத்தப் பெட்டியும் செத்துப்போனது. கடையில் மாவுப்புழுதான் இருந்தது. நார்ச்சி அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்வந்து துணி துவைக்கும் அறைக்குள் நுழைந்தபோது, வெள்ளைப் பல்லியின் பெட்டியில் அது தின்னாமல் விட்ட ஐந்தாறு சுவர்க்கோழிகள் கொழுகொழுவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

யோசிக்காமல் எடுத்திருந்தால் மறதி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அவள் யோசித்தாள். ஒரு பெட்டியின் மிச்சத்தை இன்னொரு பெட்டியில் போடக்கூடாது என்று தானே எத்தனை பேரைக் காய்ச்சியிருக்கிறோம் என்பதுகூட நினைவுக்கு வந்தது. 'ஒரு தடவைதானே, அதுவும் நம்ம வீட்டுப் பல்லிதானே' என்று சொல்லிக்கொண்டு, அவற்றைப் பிடித்துக் கால்சியம் பொடியில் குலுக்கிக் கொண்டுபோய் நீட்டினாள். நார்ச்சி ஆவலாகத் தின்றது. மெர்லுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினாள்.

ஜூலையில் உர்சுலா திரும்பி வந்து, ஒரு டப்பா கேக்கைக் கொடுத்துவிட்டு நார்ச்சியைக் கூட்டிப்போனாள். அதே மாதம் மெர்ல், தன் பல்லிகள் பொரித்த இரண்டு குட்டிகளை மாமெலோடியில் இருக்கும் ஒரு டீச்சருக்குக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் வெள்ளைப் பல்லி செத்தது. கொழுத்திருக்க வேண்டிய வால் குச்சியாகியிருந்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "கிரிப்டோ" என்றார். குடலைப் பிடிக்கிற கிருமி. எச்சத்தில் இருக்கும், எச்சத்தைக் கொறிக்கிற சுவர்க்கோழி அதைச் சுமந்துகொண்டு போகும். மருந்து கிடையாது. இதெல்லாம் மெர்லுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் பேசப் பேச அவள் கண்ணுக்குள் ஞாயிற்றுக்கிழமைச் சுவர்க்கோழிகள்தான் ஊர்ந்தன. குழுவில், குளிர் தாங்காமல் போய்விட்டது என்று எழுதினாள்.

அடுத்த வாரம் அண்ணி அழைத்தாள்.

"மெர்ல், நார்ச்சி ரெண்டு நாளா வாயே திறக்கல. வாலும் இளைச்ச மாதிரி இருக்கு."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். "வயசாயிடுச்சுல்ல அண்ணி" என்றுதான் மெர்லின் வாயில் வந்தது.

சோதனை முடிவு வந்ததும் உர்சுலா மறுபடி அழைத்தாள். "கிரிப்டோவாம். என் வீட்டுக்கு எப்படிடி வந்துச்சு? புதுசா ஒண்ணுகூட வாங்கலையே நான்!"

அப்போது மெர்ல் கேட்டது அவளுக்கே கேவலமாக இருந்தது. "கேப் டவுன்ல ஏதாவது கடைக்குப் போனீங்களா? பல்லி எதையாவது கையில எடுத்தீங்களா?"

உர்சுலா சின்னக் குரலில், "ஒரு தடவை எடுத்தேன். பேரப்பிள்ளைக்கு உடுப்பு வாங்கப் போன இடத்துல பக்கத்துக் கடையில. சும்மா ஆசைக்கு" என்றாள்.

"ம்" என்றாள் மெர்ல்.

அந்த ஒரு 'ம்' போதுமாக இருந்தது. அன்றிலிருந்து உர்சுலா அம்மோனியா கலந்த தண்ணீரில் பெட்டிகளைத் தேய்த்தாள், தட்டுகளைத் தேய்த்தாள், தன் கைகளையும் தேய்த்தாள். அண்ணன் தொலைபேசியில் கத்தினான்: "பல்லிக்குச் சோறு ஊட்டினீங்க, சரின்னு விட்டேன். இப்போ என் பொண்டாட்டி கைத்தோல் உரிஞ்சு வருது. நீ சொன்னா கேப்பா, அவளை நிறுத்தச் சொல்லு!" மெர்ல் சொல்கிறேன் என்றாள். சொல்லவில்லை. எதைச் சொல்லி நிறுத்துவது?

செப்டம்பரில், இனிப் பிழைக்காத நார்ச்சியை ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைக்க மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். காரை ஓட்டியது மெர்ல்தான். உர்சுலா நார்ச்சியைச் சுற்றிய துணிப் பொட்டலத்தை வெடித்துப்போன விரல்களால் மடியில் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரும்மா, உன்னை நான்தான் கொன்னுட்டேன்" என்று அதனிடமே சொல்லிக்கொண்டு வந்தாள். மெர்லுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. சிக்னலில் நின்றபோது வாயைத் திறந்தாள். பச்சை விழுந்தது, பின்னால் ஒரு டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு உர்சுலா செய்ததுதான் மெர்லை உலுக்கியது. குழுவில் அவளே பேசி ஒரு பதிவு போட்டாள். கடையில் பல்லியைத் தொட்டதும் கை கழுவாததும் தன் குற்றம், தன்னைப் பார்த்து மற்றவர்கள் திருந்த வேண்டும் என்று தழுதழுத்த குரலில் சொன்னாள். சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், "இதுக்குத்தான் மெர்ல் அக்கா தொண்டை கிழியக் கத்துறாங்க" என்று எழுதினார். மெர்ல் அன்று நூலகத்தில் யாரையும் முறைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் உர்சுலா வாசலுக்கு வந்தாள். அடுக்கடுக்காகக் கையில் நாலு பெட்டிகள்.

"இதுங்களைச் சோதிச்சாச்சு, கிருமி இல்ல. ஆனா இனிமே எனக்கு வேணாம் மெர்ல். என் கை விளங்காத கை. உன்கிட்ட இருந்தாத்தான் பொழைக்கும். வழியை விடு, உள்ள வச்சுட்டுப் போறேன்."

உள்ளே மெர்லின் சொந்தப் பல்லிகளில் இரண்டுக்கு வால் இளைக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் இரண்டு கையையும் நீட்டிக் கதவை மறித்தாள்.

"உள்ள கொண்டு வராதீங்க அண்ணி!"

"ஏன்டி? இடம் இல்லையா?"

"கிரிப்டோ இங்கதான் இருக்கு. இங்கிருந்துதான் உங்க வீட்டுக்கு வந்துச்சு. அந்த வெள்ளைப் பல்லி குளிர்ல சாகல. அது மிச்சம் வச்ச சுவர்க்கோழியைத்தான் நார்ச்சிக்குக் கொடுத்தேன். தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

உர்சுலா பெட்டிகளை மெல்லப் படியில் இறக்கி வைத்தாள். அறைவாள் என்றுதான் மெர்ல் நினைத்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ நான் இல்லையா?" என்றாள் உர்சுலா. "நிஜமா? நான் கொல்லலையா அவளை?" முகம் மலர்ந்தே விட்டது. படியில் உட்கார்ந்து, கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "நான் இல்ல, கடவுளே, நான் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தை மெர்லால் நின்று பார்க்க முடியவில்லை.

பிறகு உர்சுலா நிமிர்ந்தாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"நீங்க முதல் தடவை போன் பண்றதுக்கு முன்னாடியே."

"அப்போ கேப் டவுன்ல கடைக்குப் போனீங்களான்னு கேட்டியே. தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டியா?"

"ஆமா அண்ணி."

உர்சுலா எழுந்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காரில் ஏற்றினாள். உதவிக்கு வந்த மெர்லைக் கண்ணாலேயே தள்ளி நிறுத்தினாள். வண்டியைக் கிளப்பிய பிறகு கண்ணாடியை இறக்கி, நேராகச் சாலையைப் பார்த்தபடி பேசினாள்.

"குரூப்ல அப்புறமா சொல்லிக்கலாம். ஜூலையில மாமெலோடி டீச்சருக்கு ரெண்டு குட்டி கொடுத்தியே, முதல்ல அவங்களைக் கூப்பிடு."

இத்தனை நாளும் மெர்ல் அண்ணியிடம் மாட்டிக்கொள்வோமா என்று மட்டுமே பயந்திருக்கிறாள். அந்தக் குட்டிகளை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கார் திரும்பும் முன்பே எண்ணைத் தேடி அழைத்தாள்.

"மெர்ல் அக்காவா?" டீச்சரின் குரலில் பதற்றம். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு குட்டி பத்து நாளா சாப்பிடல, வால் சுருங்கிப்போச்சு. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க அக்கா."