ஹாட் பிளக்கா, கோல்டு பிளக்கா

புயல் அன்றைக்கும் பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஒரு காலத்தில் அவர் இந்தத் தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள் வீறிட்டு அழும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். இப்போது நெஞ்சுக்குள் ஸ்டென்ட்டும் கையில் உயிர்போன வண்டியுமாக, மூச்சு வாங்க வாசலில் நிற்கிறார். புயல் கரையைக் கடந்து நாளாகிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் வலுவிழக்கவில்லை.

"பெட்ரோல்ல ஏதோ கலப்படம்," என்றார் மனைவியிடம்.

போன வாரம் பழி இக்னிஷன் காயில் மேல் விழுந்தது. அதற்கு முந்தைய வாரம் கார்புரேட்டர் மேல். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்கிற பழமொழி நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, வீட்டின் முன்கட்டில் இருக்கும் தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் போய் பிளக் ஸ்பேனரை எடுத்து வந்தாள். கழற்றிய பிளக்கின் முனை சட்டியின் அடிபோலக் கரி பிடித்துக் கிடந்தது.

"நேர் ரோட்டுல போட்டு முறுக்கினேன் பாரு, பழைய மாதிரியே பறந்துச்சு. திரும்பி வரும்போதுதான் இந்தக் கூத்து."

"ம்," என்றாள் அவள்.

மனுஷன் பொய் சொல்வான், பிளக் சொல்லாது. அதை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தத் தொழிலில் குறைவு. எல்லா ஸ்பார்க் பிளக்கும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கில்தான் சங்கதி. மூக்கு நீளமாக இருந்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் வந்த சூட்டை உடனே வெளியே தள்ளிவிடும், அது கோல்டு பிளக். வீட்டில் சிலர் கோபத்தைக் கத்தித் தீர்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள், சிலர் மூன்று நாள் உள்ளேயே வைத்திருப்பார்கள், அந்த வித்தியாசம்தான். அவர் கத்தித் தீர்க்கிற ரகம், அவள் உள்ளே வைத்திருக்கிற ரகம்.

கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் வண்டிக்கு ஹாட் பிளக் போதும். புயலின் வண்டி அப்படிப்பட்டதல்ல. இளவயதில் எஞ்சின் ஹெட்டைச் சீவி, உயரமான பிஸ்டன் போட்டு, கம்ப்ரெஷனை ஏற்றி வைத்திருந்தார். முறுக்கினால் உள்ளே நெருப்புக்குழிதான். அதற்குக் கோல்டு பிளக்கே சரி. ஆனால் கோல்டு பிளக் வேகத்துக்கு வாக்கப்பட்டது. மெதுவாக ஓட்டினால் படிகிற கரியை எரிக்கிற அளவுக்கு அதில் சூடு ஏறாது, அடைத்துக்கொள்ளும். ஆக, கரி பிடித்த அந்த முனை அவளுக்குச் சொன்ன செய்தி ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் ஒரு நாள்கூட முறுக்கவில்லை.

அவர்கள் சந்தித்ததே ஒரு பிளக்கை வைத்துத்தான். அப்போது கடை அவளுடைய அண்ணனுடையது, அவள் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். ஒல்லியாக ஒருவன் வந்து, இருப்பதிலேயே கோல்டான பிளக் வேண்டும் என்றான். "யாரு ஓட்டப்போறது? எப்படி ஓட்டுவாங்க?" என்று கேட்டாள். பிளக் கேட்டு யார் வந்தாலும் அதைக் கேட்காமல் அவள் டப்பாவைத் திறக்கமாட்டாள். "நான்தான். எப்படின்னு வந்து பாருங்க," என்றான் அவன். திமிர் பிடித்தவன் என்று நினைத்தாள். போய்ப் பார்த்தாள்.

ஊருக்கு வெளியே நூல் பிடித்தாற்போல் ஒரு ரோடு. அதன் கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிழலில் அவள் ஸ்பேனரும் கந்தல் துணியுமாக நிற்பாள். அவர் முழு வேகத்தில் வந்து, எஞ்சினை அப்படியே அணைத்து, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உருண்டு வந்து நிற்பார். அவள் சுடச்சுடப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வெளுத்திருந்தால் ஆபத்து, கறுத்திருந்தால் வீண், நடுவே பழுப்பாக இருந்தால் கச்சிதம். "பிஸ்கட் கலர்!" என்று அவள் கத்தினால் அவர் தலைக்கவசத்துக்குள்ளிருந்து சிரிப்பது கேட்கும். மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போனார்கள், இவர்கள் விரலைச் சுட்டுக்கொண்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பெட்ரோல் வாசனை அடித்தால் போதும், இருபது வயது திரும்பி வந்துவிடும்.

பக்கத்து ஷெட் மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் எதையும் சுலபமாக முடிக்கிறவன். "எதுக்குக்கா இவ்வளவு யோசனை? சொல்லாம ஒரு ஹாட் பிளக்கை மாட்டி விட்டுடுங்க. வண்டியும் அடைக்காது, மாமா மனசும் நோகாது," என்றான்.

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை ஒரே உதையில் வண்டி எழுந்தது. புகை இல்லை, இருமல் இல்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கே கண் கலங்கியது. "பாத்தியா, பெட்ரோல்தான். நேத்து வேற பங்க்ல போட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருமுனையில் எஞ்சின் சத்தம் திரும்பும்போது அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று அவள் காது சொன்னது.

இவ்வளவு நன்றாக ஓடினால் யாருக்கும் முறுக்கத் தோன்றாதா? அந்த எஞ்சினில் ஹாட் பிளக்கை வைத்து முறுக்கினால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். ஓடுகிற வேகத்தில் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டவள், கட்டிய புருஷனிடம் கேட்காமல் மாட்டி அனுப்பிவிட்டாள்!

போன் செய்தாள். அவருடைய போன் மேஜை மேலேயே கிடந்து அலறியது. ஷெட்டுக்கு ஓடினாள்.

"ஸ்கூட்டரை எடு. தண்ணித் தொட்டிக்குப் போகணும்."

"என்னக்கா ஆச்சு?"

"கேள்வி கேக்காம ஓட்டுடா!"

குடோன்களுக்குப் பின்னால் போகும் குறுக்குவழியில் போய்த் தொட்டியடியில் இறங்கினாள். நேர் ரோட்டின் தூரத்தில் அவர் வந்துகொண்டிருந்தார். ஊர்ந்து வந்துகொண்டிருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். சைக்கிளில் போன ஒரு பள்ளிக்கூடப் பெண் அவரைத் தாண்டிப் போனாள். பார்த்து நின்றவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் இந்த ரோட்டில் அவரை யாரும் தாண்டி அவள் பார்த்ததில்லை.

அப்போது அவர் அவளைப் பார்த்துவிட்டார்.

தொட்டி நிழலில், பழைய இடத்தில் அவள் நிற்பதைப் பார்த்ததும் அவர் முதுகு குனிந்தது, முழங்கைகள் உள்ளே ஒடுங்கின. எஞ்சின் சத்தம் ஏறியது. அவள் ரோட்டின் நடுவே பாய்ந்து இரண்டு கைகளையும் வீசி, "வேணாம்! வேணாம்!" என்று கத்தினாள்.

அவர் பதறிப்போய் அவள் முன்னால் வந்து நிறுத்தினார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"முதல்ல எஞ்சினை நிறுத்துங்க. உள்ள இருக்கறது ஹாட் பிளக். நேத்து நான்தான் மாட்டினேன்."

அவர் எஞ்சினை அணைத்தார். இறங்கி, பெட்ரோல் டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதை மாட்டி முறுக்கினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப, இவன் இனிமே முறுக்க மாட்டான்னு நீயே முடிவு பண்ணிட்ட."

ஒரு பிளக்கை மாற்றினோம் என்றுதான் நினைத்திருந்தாள், அவரை முடித்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

"பரவாயில்ல, சரியாத்தான் கணிச்சிருக்க," என்றார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் ஒரு நாளும் முறுக்கல. பயமா இருக்கு. பறந்துச்சு பறந்துச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா ம் கொட்டிக்கிட்டு இருந்த?"

"கேக்க நல்லாத்தான இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"அப்படிப் பயந்தவரு இப்ப மட்டும் எதுக்குங்க முறுக்கினீங்க?"

"நீ இங்க நின்னியே," என்றார்.

அவள் அழுதாள். இந்தத் தொட்டியடியில் நின்ற காலமெல்லாம், இதோடு போதும், இனி முறுக்க மாட்டேன் என்று இவர் ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று ஏங்கியிருக்கிறாள். பிஸ்கட் கலர் என்று கத்தியதெல்லாம் உயிரோடு வந்து சேர்ந்த நிம்மதியில்தான். இன்றைக்கு அவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வாங்க. பழைய கோல்டு பிளக்கையே மாட்டிடறேன்."

"அடைச்சுக்குமே."

"அடைக்கட்டும்."

"தள்ளணும்டி. டாக்டர் வேற திட்டுவாரு."

"நான் பின்னாடியே வந்து தள்ளுறேன். நீங்க ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு, எப்படிப் பறந்தீங்கன்னு சொல்லிக்கிட்டே வாங்க."