வெர்லீனின் காலுக்குச் சுருதி கிடையாது

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் லெனாக்ஸ் அவென்யூ சலூனில் முடிவெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த இளைஞன் ஒருவன், பீபாப் ஜாஸை உருவாக்கியவர்கள் எல்லாம் ஊதுகிறவர்கள்தான் என்று அடித்துப் பேசினான். டிரம்பெட், சாக்ஸபோன், அவ்வளவுதானாம். பாதி வெட்டிய தலையோடு எழுந்து நின்று கத்தினேன். நான் பாஸ் வாசித்தவன். அந்த ஆளுயரத் தந்திப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேடையின் பின்னால் நின்ற என்னை யாரும் கவனித்ததில்லை. நான் எல்லோரையும் கவனித்தேன். வெர்லீன் காஸ்கின்ஸைக் கவனித்தேன். இவன் அவள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

"கத்தாதீங்க பெரியவரே. தெரிஞ்சா எழுதுங்க" என்றான்.

எழுதுகிறேன். வேறென்ன செய்ய?

2

ஆரம்பம்: 'அன்று ஹார்லெமின் வானம் சாம்பல் நிறத்தில்—'

வேண்டாம். நாங்கள் பகலில் தூங்குகிறவர்கள். வானத்தை எவன் பார்த்தான்?

2 (மறுபடியும்)

'பீபாப் என்பது நாற்பதுகளில் தோன்றிய புரட்சிகரமான ஓர்—'

என் மனைவி எஸ்டெல் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தாள். "யாருக்குப் பாடம் நடத்துறே? அந்தப் பொண்ணு எங்கே?"

அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சங்கீதத்தில் பழைய பாட்டை எடுத்து, அதன் எலும்பை வைத்துக்கொண்டு சதையை மாற்றிவிடுவோம். அடியில் ஓடும் ஸ்வரக்கட்டு அதேதான், மேலே ஏறும் மெட்டு புதிது, வேகம் பிசாசு வேகம். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். எலும்பு நடந்தது. சதை என்னுடையது.

3

1944 வசந்தம். ஆடுகிற இடத்துக்கெல்லாம் அரசாங்கம் வரி போட்டது. வரி கட்ட யாருக்கு மனசு வரும்? ஹாலுக்கு ஹால் 'நடனம் கிடையாது' என்று பலகை தொங்கியது. வெர்லீன் டாப் ஆட்டக்காரி. ஷூவுக்கு அடியில் தகடு அடித்து, தரையைத் தட்டித் தட்டித் தாளமாக்குகிறவள். ஒரே மாதத்தில் அவளுக்கு வேலை போயிற்று. திங்கட்கிழமையிலிருந்து பிராங்க்ஸில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட ஒப்புக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் பெம்பர்டன் கிளப்புக்கு வந்தாள். நாங்கள் ஒத்திகையில் இருந்தோம். வியாழக்கிழமை, ஜாஸ் கிளப்புகள் வரிசையாக நிற்கும் ஐம்பத்திரண்டாம் தெருவில் எங்களுக்கு முதல் கச்சேரி. எங்கள் டிரம்மர் லோனியையோ ராணுவம் கூப்பிட்டுவிட்டது. அவனுடைய டிரம்ஸ் மேல் துணி போர்த்தியிருந்தது.

"டிரம்மர் இல்லையாமே?" என்றாள். "நான் இருக்கேன்."

எங்கள் தலைவன் ரோஸ்கோ டிப்ஸ் டிரம்பெட்டை இறக்கினான். "ஏம்மா, இது ஆட்டத்துக்கான பாட்டு இல்லை. இதுக்கு யாராலயும் ஆட முடியாது."

"ஆடறேன்னு யாருய்யா சொன்னா? தாளம் போடறேன்னேன்."

(முதல் பிரதியில் ரோஸ்கோவை வில்லனாக்கியிருந்தேன். மெல்லிய மீசைகூட வைத்தேன். பிறகு மனசு கேட்கவில்லை, மீசையை எடுத்துவிட்டேன். அவன் நல்லவன்தான். பயந்துபோயிருந்தான். ஐம்பத்திரண்டாம் தெருக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்ற பயம்.)

5

நான்காம் பகுதியைக் கிழித்துவிட்டேன். அதில் நான் மிகவும் அழகாக இருந்தேன்.

மேடைக்கு வேண்டாதவன் ஏறினால் போகச்சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. மரியாதை கெட்டுவிடும். அதற்குப் பதிலாக, யாரும் தொடாத சுருதியில், மூச்சு முட்டுகிற வேகத்தில் ஒரு பாட்டை எடுப்போம். சுற்றுக்குச் சுற்று சுருதியை அரைப்படி ஏற்றுவோம். வந்தவன் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவான்.*

ரோஸ்கோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "எஃப் ஷார்ப்" என்றான். யாரும் தொடாத சுருதிகளில் ஒன்று.

நான் தலையாட்டினேன். சாக்ஸபோன் கார்னீலியஸும் தலையாட்டினான். பழக்கதோஷம். மூன்று புத்திசாலிகள் நின்றோம், ஒருவனுக்கும் உறைக்கவில்லை. காலுக்கு ஏதய்யா சுருதி?

*இதை இப்போது கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். ஆட்களை விரட்ட நாங்கள் செய்ததைப் பிள்ளைகள் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள். நவீன ஜாஸ் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறதாம். நல்லா நிற்கட்டும்.

6

ஆரம்பித்தோம். அவளும் ஆரம்பித்தாள். வலது கால் நுனி தரையில் லேசாக ஓடிக்கொண்டே இருந்தது, எண்ணெய்ச் சட்டியில் மீன் வறுபடுகிற மாதிரி. அந்தக் காலத்து டிரம்மர்கள் ஆடுகிறவர்களுக்காக அடிக்கு அடி பெரிய டிரம்மை உதைப்பார்கள், தும் தும் தும் தும் என்று. அவள் அப்படிச் செய்யவில்லை. சும்மா ஓடவிட்டு, ரோஸ்கோ மூச்சு வாங்குகிற சின்ன இடைவெளி பார்த்து இடது குதிகாலால் ஒரு போடு போட்டாள். யுத்தகாலம் அல்லவா, அதற்குக் 'குண்டு' என்று பெயர்.

ரோஸ்கோ திடுக்கிட்டான். அடுத்த சுற்றுக்குச் சுருதியை ஏற்றினான். அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள். இன்னும் ஏற்றினான். என் விரல் தோல் உரிந்தது. கார்னீலியஸின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. திடீரென்று அவன் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

"எந்தச் சுருதியிலடா இருக்கோம்?" என்று என்னிடம் கத்தினான்.

"எனக்கென்னடா தெரியும்? கையை வெச்சிருக்கேன், அதுவா போகுது!"

கடைசியில் ரோஸ்கோவே தவறான ஸ்வரத்தை ஊதி, நின்று, வாயைத் துடைத்துக்கொண்டான். அவளும் நானும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தோம். அடடா, என்ன சந்தோஷம் அது! பின்னாலேயே நின்று பழகியவன், அன்று நான் முன்னால் இருந்தேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் வெர்லீன், கால் நிற்காமலே. "வீட்டுல ஏதாவது வேலை இருக்கா ரோஸ்கோ?"

கார்னீலியஸ் சிரித்த சிரிப்பில் நாற்காலி கவிழ்ந்தது.

7

இந்த இடத்தில் முடித்திருக்கலாம். ரோஸ்கோ கைகொடுக்கிறான், வியாழக்கிழமை வா என்கிறான், சுபம். கார்னீலியஸுக்குக் கதையைப் படித்துக் காட்டினேன், தான்தான் அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதாக எழுதச் சொல்கிறான். பதிப்பாளருக்குச் சோகம் வேண்டுமாம். இஸ்திரிப்பெட்டி, ஆவி, ஒரு துளிக் கண்ணீர். எஸ்டெல்லுக்கு ஒரு கல்யாணம் வேண்டும்.

எலும்பு அப்படி இல்லையே. கதவு திறந்தது. லோனி நின்றான்.

"பட்டாளத்துல எடுக்கலைடா" என்றான். "எனக்குத் தட்டைப் பாதமாம். தூரம் நடக்க லாயக்கில்லையாம்."

ரோஸ்கோ ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான். நாங்களும் கட்டிப்பிடித்தோம், போருக்குத் தப்பியவன் அல்லவா. திரும்பிப் பார்த்தபோது வெர்லீன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது.

"மேடையில அஞ்சு பேருக்குத்தான்மா இடம்" என்றான் ரோஸ்கோ, அவளைப் பார்க்காமல். "பியானோக்காரன் வேற நேரா அங்கே வந்துடுவான்."

"இரு" என்றான் லோனி. "ஏம்மா, நான் வெளியே நின்னு கேட்டேன். எவனோ என் நாற்காலியைத் தூக்கிட்டான்னு வயிறு எரிஞ்சுது. நீயா அது?"

"நான்தான். நாற்காலி இல்லாமலே."

லோனி துணியை உருவிப் போட்டுவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான். "கயித்தைக் கட்டு. நாலு ஆவர்த்தனம் எனக்கு, நாலு உனக்கு. ரோஸ்கோ, நீ வாயை மூடிட்டுக் கேளு. யாரு வியாழக்கிழமை வரணும்னு அப்புறம் சொல்லு."

அவள் கயிற்றைக் கட்டினாள். லோனி நான்கு ஆவர்த்தனம் வாசித்தான். அவன் வாழ்நாளில் அதைவிட நன்றாக வாசித்து நான் கேட்டதில்லை. சட்டென்று நிறுத்தினான்.

வெர்லீன் வலது காலைத் தூக்கினாள்.

8

"அப்புறம்?" என்கிறாள் எஸ்டெல். "சேர்த்தாங்களா, இல்லையா? இஸ்திரி போடப் போனாளா? உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அன்று ஒலித்தட்டு எதுவும் பதிவாகவில்லை. நான் எழுதி முடித்தால் அதுவே தீர்ப்பாகிவிடும், இன்னொரு ஆம்பளை அவளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு. சலூன் இளைஞனும் அப்படித்தானே பேசினான்? எங்கள் சங்கீதத்தில் மெட்டை மட்டும்தான் எழுதிவைப்போம். நடுவில் வருவது அவரவர் பாடு.

ஆகவே, படிக்கிறவரே, இந்த நான்கு ஆவர்த்தனமும் உங்களுடையது. லோனி நிறுத்திவிட்டான். ரோஸ்கோ காத்திருக்கிறான். வேகம் உங்களுக்குத் தெரியும், சுருதி தேவையில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

நாற்காலிக்குக் கீழே குனிந்து பாருங்கள். உங்கள் கால் தட்டியிருந்தால் வெர்லீனை வியாழக்கிழமை வரச்சொல்லுங்கள். சும்மா கிடந்தால், அதை நீங்களே அவளிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.